பூட்டிய வித்தையும் திறந்த பட்டறையும்: கண்ணாடி பேப்பர்வெயிட்டின் கதை

இன்றைய பேச்சின் பொருள் பேப்பர்வெயிட் என்று அறிவித்ததும் முன்வரிசையில் இரண்டொருவர் சிரித்ததைப் பார்த்தேன். சிரிக்க வேண்டியதுதான். பேப்பர்வெயிட் என்றதும் நம் நினைவுக்கு வருவது தாலுகா அலுவலகத்து மேசை. மேலே மின்விசிறி, கீழே கட்டுக்கட்டாக மனுக்கள், அவற்றின்மேல் ஒரு கண்ணாடி உருண்டை. உள்ளே நாலைந்து குமிழி, சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ ஒரு பூ. அதிகாரி வரும்வரை அதை விரலால் சுழற்றிப் பொழுதைப் போக்காதவர்கள் நம்மில் குறைவு.

அந்த உருண்டையின் உறவுக்காரர்கள் சிலர் பெரிய இடங்களில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து நீனா நகரில் பெர்க்ஸ்ட்ராம்-மாலர் கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் பெருமையே பேப்பர்வெயிட் தொகுப்புதான். சிகாகோ கலைக்கழகத்தில் ஆர்தர் ரூப்லாஃப் திரட்டிக் கொடுத்தவை ஆயிரத்துக்கும் மேல். நியூயார்க் மாநிலத்துக் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்திலும் அப்படித்தான். அங்கெல்லாம் அவற்றின் கீழே ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. காகிதத்தைக் காக்கும் வேலையிலிருந்து அவை என்றோ ஓய்வு பெற்றுவிட்டன.

இவற்றின் அழகைப் பற்றிப் பேசுவேன். செய்முறையை விரிவாகவே சொல்வேன். ஆனால் உங்கள் முன் நான் வைக்க வந்த வழக்கு வேறு. ஒரு கைவித்தை எப்படிச் சாகிறது, செத்தது எப்படி மறுபடி எழுந்து நடக்கிறது என்பதற்கு இந்தச் சின்ன உருண்டை ஒரு நல்ல சாட்சி. அந்தச் சாட்சியத்தைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

கதை கடிதத்தில் தொடங்குகிறது. 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னி தபால்தலை வந்தது. கடிதம் எழுதுவது நடுத்தரக் குடும்பத்துக்கும் கைக்கெட்டிய பழக்கமாயிற்று. எழுதும் மேசைக்கென்று மைக்கூடு, முத்திரை, உறை கிழிக்கும் கத்தி என்று ஒரு தனிச் சந்தையே கிளம்பியது. அந்தச் சந்தைக்குள் பேப்பர்வெயிட்டும் நுழைந்தது.

1845இல் வியன்னாவில் ஆஸ்திரியத் தொழிற்கண்காட்சி நடந்தது. வெனிஸைச் சேர்ந்த பியெத்ரோ பிகாலியா என்ற கண்ணாடிக்காரர், பல நிறத் துண்டுகள் பதித்த கண்ணாடி உருண்டைகளை அங்கே வைத்தார். பாரிஸிலிருந்து பார்வையிட வந்த பேராசிரியர் யூஜீன் பெலிகோ அவற்றைக் கவனித்தார், ஊர் திரும்பி அறிக்கையும் கொடுத்தார். விற்பனை மந்தமாக இருந்த பிரெஞ்சுக் கண்ணாடி ஆலைகளுக்கு அது நல்ல சமயத்தில் வந்த யோசனை. பக்காரா, சேன்-லூயி, கிளிஷி ஆகிய மூன்று ஆலைகளும் களத்தில் இறங்கின. சேன்-லூயியின் சில உருண்டைகளில் 1845 என்ற ஆண்டே பதிந்திருக்கிறது. அங்கிருந்து 1860 வரையிலான பதினைந்து ஆண்டுகளைத்தான் சேகரிப்பாளர்கள் இந்தக் கலையின் செவ்வியல் காலம் என்கிறார்கள். இன்று ஏலக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும் அந்த உருண்டைகள், அன்று எழுதுபொருள் கடையில் பேனா வாங்கப் போனவர் கூடவே வாங்கி வந்த சாதாரணப் பரிசுப் பொருள்கள்.

அவற்றை எப்படிச் செய்தார்கள்? மில்லெஃபியோரி என்ற முறையை முதலில் சொல்கிறேன். வேர் ரோமானியர் காலத்தது, முரானோத் தீவில் மறுபடி தழைத்தது. உருகிய வண்ணக் கண்ணாடியில் ஒரு கட்டியை இரும்புக் கம்பியின் நுனியில் எடுப்பார்கள். அதை நட்சத்திரம் போன்ற வடிவமுள்ள இரும்பு அச்சில் அழுத்துவார்கள். வடிவம் ஏறியதும் வேறொரு நிறக் கண்ணாடியில் தோய்த்து, இன்னோர் அச்சில் அழுத்துவார்கள். இப்படி அடுக்கடுக்காக நிறம் ஏறிய தடித்த உருளை கிடைக்கும். அதைச் செம்மையாகக் காய்ச்சி, மறு நுனியில் இன்னொரு கம்பியை ஒட்டவைப்பார்கள். ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவர் எதிரெதிர்த் திசையில் நடப்பார்கள். கைத்தடிமன் இருந்த கண்ணாடி, நடக்க நடக்க நீண்டு பென்சில் தடிமனுக்கு வரும். உள்ளே இருந்த நட்சத்திரம் கலையாது. எவ்வளவு மெலிந்தாலும் அதே வடிவம் அதே விகிதத்தில் சுருங்கி நிற்கும். எழுத்தை, ஆண்டை, ஓடும் நாயின் உருவத்தைக்கூட இந்த வகையில் கடுகளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆறிய தண்டைச் சிறு வில்லைகளாக நறுக்கி, வட்டத் தட்டில் இடுக்கியால் ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். ஓர் உருண்டைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வில்லைகள் இருப்பதுண்டு. தட்டைச் சூடேற்றி, உலையிலிருந்து தெளிந்த கண்ணாடியைக் கம்பியில் சுருட்டி எடுத்து, கெட்டித் தேன் குச்சியில் தொங்குவதுபோல் தொங்கும் அந்தக் கட்டியை வில்லைகளின்மேல் இறக்கினால், அத்தனையும் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். பிறகு மேலும் கண்ணாடி ஏற்றி, நீரில் ஊறிய மரக்கிண்ணத்துக்குள் உருட்டிக் கவிகையாக்குவார்கள். கவிகை வெறும் அழகுக்காக வந்ததல்ல, அது ஒரு குவிலென்ஸ். உள்ளே இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் அடியில் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய படலம், மேலிருந்து பார்த்தால் உருண்டை முழுக்க நிறைந்திருக்கும்.

இவ்வளவு தேர்ந்த கலை எப்படி மறைந்தது? முதலில் மோகம் தீர்ந்தது. 1860க்குப் பிறகு வாங்குவோர் குறைந்தார்கள். கிளிஷி ஆலை 1885இல் கைமாறித் தன் பெயரையே இழந்தது. மற்ற இரண்டும் கோப்பைகளும் சரவிளக்குகளும் செய்து பிழைத்தன. மோகம் தீர்வது வணிகத்தில் இயல்பு, அது திரும்பியும் வரும். ஆனால் திரும்பி வந்தபோது செய்வதற்கு ஆள் இல்லை. எந்த நிறம் எந்த நிறத்தோடு ஒத்துப்போகும், எந்தச் சூட்டில் ஒட்டும் என்பதெல்லாம் சில தொழிலாளிகளின் கையிலும் கண்ணிலும் இருந்தன. அவர்கள் போனபோது அவையும் போயின.

கண்ணாடித் தொழிலில் வித்தையை வெளியே விடாமல் காப்பதற்கு நீண்ட மரபு உண்டு. 1291இல் வெனிஸ் அரசு, தீ விபத்துக்கு அஞ்சி உலைகளை முரானோவுக்கு மாற்ற ஆணையிட்டது. பிறகு அந்தத் தீவே வித்தைக்குக் காவலாயிற்று. கைதேர்ந்தவர்கள் வெளிநாடு போகத் தடை விதித்தார்கள், மீறினால் தண்டனை.

பிரான்சில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். 1853இல் பக்காரா ஊரில் ஒரு தேவாலயம் எழுப்பினார்கள். ஆலைத் தொழிலாளி மார்த்தின் கைசர் செய்த ஒரு பேப்பர்வெயிட்டை அதன் அடிக்கல்லுக்குள் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் அந்தத் தேவாலயத்தைச் சிதைத்தது. 1951இல் இடிபாடுகளிலிருந்து அடிக்கல்லை எடுத்தபோது உருண்டை வெளியே வந்தது. பக்காராவில் பிறந்த பொருள் பக்காராவின் கைக்கே திரும்பி வந்துவிட்டது. அதைப்போல் இன்னொன்று செய்யத்தான் ஆலையில் ஆள் இல்லை. அவர்கள் பழைய உருண்டைகளைப் பார்த்துப் பார்த்து, செய்து தோற்று, மறுபடி கற்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அவர்களைத் தூண்டியவர் பால் ஜோகல்சன். அமெரிக்காவில் இறக்குமதி வணிகர், தீராத சேகரிப்பாளர். 1953இல் பேப்பர்வெயிட் சேகரிப்பாளர் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. அவர் கொடுத்த நெருக்குதலில்தான் பக்காராவும் சேன்-லூயியும் மறுபடி அடுப்பு மூட்டின.

அந்த இடைக்காலத்தில் தீ முற்றிலும் அணைந்துவிடவில்லை. நியூஜெர்சி மாநிலத்து மில்வில் நகரில் புட்டி செய்யும் ஆலைத் தொழிலாளிகள், முதலாளிக்கான வேலை முடிந்தபின் தங்களுக்கென்று உருண்டைகள் செய்தார்கள். இதழ் வடிவத் தகடுகள் பொருத்திய உலோகக் கருவியைச் சிவப்புக் கண்ணாடிக்குள் குத்தி இறக்கி, உள்ளே ரோஜா மலரச் செய்தார்கள். 1905 வாக்கில் ரால்ஃப் பார்பர் செய்த ரோஜாக்கள் இன்றும் பேசப்படுகின்றன. அந்த ரோஜாவைப் பார்த்து ஏங்கி, தானே செய்துபார்த்துத் தேறியவர் சார்ல்ஸ் கசியன். பார்சலோனாவில் பிறந்த பால் ஈசார்ட் ஸ்காட்லாந்தில் 1930களிலிருந்தே தனியாளாக இந்தக் கலையைப் பிடித்துவைத்திருந்தார். இருவரும் மேதைகள். ஈசார்ட் தன் செய்முறையை மற்றவர் கண்ணில் படாமல் காத்தவர் என்று பெயரெடுத்தவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தனியாளாகப் பல ஆண்டு போராடிக் கண்டதைச் சும்மா கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் எல்லாரும் அப்படியே இருந்திருந்தால், 1860இன் கதை இன்னொரு முறை நடந்திருக்கும்.

திருப்பம் 1962இல் வந்தது. ஒஹாயோ மாநிலத்து டொலீடோ கலை அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் இரண்டு பயிலரங்குகள் நடத்தினார். கண்ணாடி என்றால் பெரிய ஆலை, பல ஆள், பெரிய முதல் என்று இருந்த நிலையில், ஓர் ஓவியர் ஓவியம் வரைவதுபோல் ஒரே ஆள் தன் பட்டறையில் கண்ணாடி செய்ய முடியுமா என்பதே கேள்வி. முதலில் போட்ட கலவை சரியாக உருகவில்லை. ஆலை ஆய்வாளரான டொமினிக் லபீனோ, குறைந்த சூட்டில் உருகும் கண்ணாடிக் கோலிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். உலை வேலை செய்தது. அங்கே கண்டதை அவர்கள் பூட்டிவைக்கவில்லை. லிட்டில்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், அவருடைய மாணவர்கள் வேறு ஊர்களில் கற்பித்தார்கள். கொட்டகை போட இடம் இருந்த இடத்திலெல்லாம் உலை எரிந்தது.

இன்றைய பேப்பர்வெயிட் கலையின் உச்சம் என்று பலரும் சொல்லும் பெயர் பால் ஸ்டான்கார்ட். 1943இல் பிறந்தவர். எழுத்தைப் படிப்பதில் பிறவியிலேயே சிரமம் உள்ளவர். அந்தக் குறைக்கு ஒரு பெயர் இருப்பது தெரியாத காலத்தில் படித்ததால் பள்ளியில் மந்தம் என்று பெயர் வாங்கியவர். நியூஜெர்சி மாநிலத்துச் சேலம் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆய்வகக் கண்ணாடிக் கருவிகள் செய்யக் கற்று, பத்தாண்டுக்காலம் ஆலைகளில் அந்த வேலையே பார்த்தார். கசியனின் உருண்டைகளைப் பார்த்தபிறகு, வீட்டுக் கொட்டகையில் இரவு நேரத்தில் பூச் செய்யத் தொடங்கினார். 1972இல் வேலையை விட்டு முழுநேரக் கலைஞரானார். நியூஜெர்சியின் பைன் காடுகளில் பூக்கும் காட்டுப்பூக்களே அவருடைய பாடப் புத்தகம். இதழில் இருக்கும் வாட்டம், தண்டில் ஊறும் எறும்பு, மகரந்தத்தில் புரளும் தேனீ, மண்ணுக்கடியில் பின்னிக்கிடக்கும் வேர் எல்லாம் அவருடைய கண்ணாடிக்குள் உண்டு. வேரை உற்றுப் பார்த்தால் சிறு மனித உருவங்கள் தெரியும்.

அவர் கையாளும் முறைக்குச் சுடர்வேலை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மேசைமேல் ஆக்சிஜனும் எரிவாயுவும் கலந்து எரியும் ஒரு சுடர். ஒரு கையில் பென்சில் பருமனுள்ள வண்ணக் கண்ணாடிக் குச்சி, மறு கையில் நூல்போல் இழுத்த இன்னொரு நிறக் குச்சி. நுனி இளகியதும் இடுக்கியால் தட்டினால் இதழ். மெல்லிய குச்சியால் கோடு இழுத்தால் இதழின் நரம்பு. மஞ்சள் புள்ளிகள் வைத்தால் மகரந்தம். இப்படி இதழ் இதழாக, இலை இலையாகச் செய்து, சூடான தகட்டின்மேல் ஒன்றோடொன்று ஒட்டிச் செடியாக்க வேண்டும். ஒரு செடிக்கு நூறு துண்டுகள் ஆனாலும் ஆகும்.

நம்மில் பலரும் பூவைச் செய்வதுதான் கஷ்டம் என்று நினைப்போம். கலைஞரைக் கேட்டால், கஷ்டமே பூவை உள்ளே அனுப்பும் அந்தச் சில விநாடிதான் என்பார். பூ ஏறத்தாழ 500 டிகிரிச் சூட்டில் காத்திருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் சூடான கண்ணாடி பட்டதும் வெடிக்கும். அதிகம் சூடேறினால் இதழ் கரைந்துவிடும். அதன்மேல் ஆயிரம் டிகிரிக்குக் குறையாத தெளிந்த கண்ணாடி இறங்க வேண்டும். இறங்கும் வேகம் கூடினால் தண்டு ஒருபுறம் சாய்ந்துவிடும், குறைந்தால் இதழுக்கடியில் காற்று சிக்கிக்கொள்ளும். சிக்கிய காற்று வெள்ளிப் புள்ளியாக நின்று, கவிகையின் உபயத்தில் பெரிதாகிக் கண்ணை உறுத்தும். இதற்காகவே பூவைச் சுற்றி உலோக வளையம் வைத்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சும் கருவியைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அப்படியும் சில தப்புவதில்லை. எழுத்தாளருக்கு அழிப்பான் உண்டு, தச்சருக்கு இழைப்புளி உண்டு. கண்ணாடி மூடிவிட்டால் மூடியதுதான்.

மூடியபிறகும் ஆபத்து விலகாது. எல்லாக் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. ஆய்வகக் குடுவை செய்யும் போரோசிலிக்கேட் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் விரியும். பூ ஓர் இனம், உறை வேறினம் என்றால், ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், மற்றது குறைவாகச் சுருங்கும், உருண்டை உள்ளேயே பிளந்துவிடும். இனம் ஒன்றாக இருந்தாலும் அவசரப்பட்டால் கெட்டது. மேல்தோல் ஆறிவிடும், நடு இன்னும் கொதித்திருக்கும், அந்த இழுபறியில் விரிசல் ஓடும். எனவே உருண்டையைச் சூளையில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். தடிமன் இருமடங்கானால் ஆறவேண்டிய நேரம் சுமார் நான்கு மடங்காகும். மெல்லிய கோப்பை ஓர் இரவில் ஆறும், பெரிய உருண்டைக்கு நாள்கணக்கு. வெளியே எடுத்து அடியைத் தேய்த்து மெருகேற்றும் நாள்வரை செய்தவருக்கே முடிவு தெரியாது.

பூவே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் கேத்னஸ் கண்ணாடி நிறுவனத்தில் கொலின் டெரிஸ், மனிதன் நிலவில் இறங்கிய 1969இல் நான்கு கோள்களின் பெயரில் நான்கு உருண்டைகளை வடிவமைத்தார். நிறச் சுழலும் குமிழியுமே அவற்றின் உருவம். முன்பு நான் குற்றமாகச் சொன்ன குமிழி அங்கே அலங்காரமாகிவிடுகிறது. இளகிய கண்ணாடியில் முள்ளால் குழி குத்தி, அதன்மேல் இன்னொரு படலம் கண்ணாடி ஏற்றினால், குழிக்குள் சிக்கிய காற்று உருண்டு முத்தாகும். நம் தாலுகா அலுவலக உருண்டையின் குமிழிக்கும் இதே இயல்புதான் அடிப்படை. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஜோஷ் சிம்ப்சன் 1976 முதல் கடலும் கண்டமும் மேகமும் உள்ள கற்பனைக் கோள்களைச் செய்துவருகிறார். கார்னிங் அருங்காட்சியகத்துக்காக அவர் செய்த கோள் ஒன்றின் எடை 107 பவுண்டு, ஏறத்தாழ 48 கிலோ. எந்தக் காகிதமும் அதன்கீழ் தப்பாது.

இனி என் வழக்கின் முக்கியச் சாட்சிக்கு வருகிறேன். ஸ்டான்கார்ட் தான் கற்றதைப் புத்தகமாக எழுதினார். படிக்கச் சிரமப்பட்ட மனிதர் எழுதிய புத்தகங்கள் அவை. தான் தொழில் கற்ற அதே சேலத்தில், இன்றைய சமுதாயக் கல்லூரியில், இளைஞர்களுக்குச் சுடர்வேலை கற்றுக்கொடுத்தார். பெரிய கலைஞர்கள் மாணவர்கள் கண்முன்னே சுடரைப் பற்றவைத்து வேலை செய்துகாட்டும் மாநாடு அங்கே நடந்துவருகிறது. பறவைகளைக் கண்ணாடிக்குள் அமர்த்திய ரிக் அயோட், பூங்கொத்துகளுக்குப் பேர்போன டெபி டார்சிடானோ, விக்டர் டிரபுக்கோ என்று ஒரு தலைமுறையே எழுந்தது. இத்தனை பேர் இந்தக் கலைக்கு வந்ததால் ஸ்டான்கார்டின் மதிப்பு குறைந்ததா? லண்டன், பாரிஸ், வாஷிங்டன் அருங்காட்சியகங்களில் அவருடைய உருண்டைகள் இருக்கின்றன. போட்டி கூடியது, கூடவே பார்க்கத் தெரிந்த கண்களும் கூடின. வித்தையைத் திறந்து கொடுத்தவரின் கையில் இருந்தது எதுவும் குறைந்துபோகவில்லை.

வாய்ப்புக் கிடைத்து ஒரு நல்ல உருண்டை உங்கள் கைக்கு வந்தால் எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து மட்டும் பார்த்துவிட்டு வைக்காதீர்கள். பக்கவாட்டில் பாருங்கள், பூவுக்கு ஆழம் இருக்கிறதா, வெறும் தகடா என்பது அங்கே தெரியும். கவிழ்த்துப் பாருங்கள், அடிப்பாகத்தை எவ்வளவு பொறுப்பாகத் தேய்த்திருக்கிறார்கள் என்பதில் செய்தவரின் குணம் இருக்கும். செய்தவரின் முதலெழுத்து பதித்த வில்லை எங்காவது ஒளிந்திருக்கும், தேடுங்கள். இன்னொன்று, ஜன்னலோரம் வெயிலில் வைக்காதீர்கள். லென்ஸ் என்றேன் அல்லவா? கீழே இருக்கும் காகிதத்தைக் காக்க வந்த பொருளே அதைக் கொளுத்திவிடும்.

முடிக்கும் முன் நம் ஊர் விஷயம் ஒன்று. கண்ணாடியை இழுத்து நீட்டி நறுக்கும் வித்தை நமக்கும் உரியது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள், உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கிச் செய்தவை. அந்த வகை மணிகள் கிழக்காசியாவரை போய்ச் சேர்ந்திருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு அதை எப்படி இழுத்தார்கள் என்பதை ஆய்வாளர்கள் எங்கே புரிந்துகொண்டார்கள் தெரியுமா? ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில், உலைமுன் அமர்ந்து அதே வகையில் மணி இழுத்துக்கொண்டிருந்த தொழிலாளிகளின் கையைப் பார்த்து. அந்தக் கைகள் இல்லாமல் போயிருந்தால் அரிக்கமேட்டு மணி நமக்கு வெறும் மணியாகவே நின்றிருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்த அவையில் தச்சு தெரிந்தவர் இருக்கலாம், வார்ப்பு தெரிந்தவர் இருக்கலாம், தறி ஓட்டத் தெரிந்தவர் இருக்கலாம். வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ உள்ள பிள்ளைகள் நிச்சயம் இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுங்கள், உறவா அயலா என்று பார்க்காதீர்கள். பிள்ளைகளே, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அளவையும் பதத்தையும் கேட்டு எழுதிவையுங்கள், கை அசைவதைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். சந்தை போனால் திரும்பி வரும். கை போனால் வராது.